சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குளம்

இல்லாத தெருவில் இவ்வளவு ஒழுங்காக நடந்த மனிதர் இந்தப் பூமியில் வேறு ஒருவர் இருந்திருக்க முடியாது. இருக்கிற தெருவில் நடப்பது யாருக்கும் வரும். கால் இருந்தால் போதும். தெருவை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தை நிறுத்தி, அதற்குள் மேஜை நாற்காலி போட்டு, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடும் பரிமாறிய பிறகு, "இது எங்க சந்து" என்று நடுவில் நடந்து போக வேண்டுமானால் அதற்குச் சந்து மாமாவாகத்தான் பிறக்க வேண்டும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் குமாஸ்தாவாக இருந்த சணல் கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். கல்கத்தா பவானிபூரில் எங்களுக்கு அவர் சந்து மாமா. அங்கேயிருந்த வங்காளிகளுக்கு அவர் 'கோலிர் தாதா'. சந்தின் அண்ணா என்று அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், அதற்கு மேல் தலைப்பாகை. கறுப்புக் கோட்டு, பஞ்சகச்சம், கையில் எப்போதும் ஒரு குடை. அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தான் நனைவார்.

நான் அந்தச் சந்தில் இருந்த மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. பரிமாறுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இலையைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம். ஆளைப் பார்த்துப் பேசுவது என்றால் எனக்கு அன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கும் ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. "பேசாத பயல் ஒருத்தன் இருந்தாத்தான் நான் பேச முடியும்" என்பார்.

சந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிராம் போகிற பெரிய ரோட்டில் அது ஆரம்பிக்கும். ஆரம்பிக்கிற இடத்திலேயே தெருக்குழாய். எங்கள் எல்லோருக்கும் குடிதண்ணீர் அதில்தான். அங்கிருந்து சந்து ஒரு குளத்தின் கரையோடு வளைந்து, ஒரு நாவல் மரத்தின் கீழே புகுந்து, எங்கள் வீடுகளுக்கு வந்ததும் போதும் என்று நின்றுவிடும். அதற்குப் பின்னால் குதிரை லாயமும் எண்ணெய்ச் செக்கும் இருந்தன. வீடுகளில் பாதி வங்காளிகள், பாதி நம்மவர்கள். அவர்கள் வீட்டில் பூஜை என்றால் எங்கள் மெஸ் அண்டா போகும். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் அவர்கள் வீட்டு முற்றம் வரும். அப்படி நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஊர் பார்க்கிற வியாதி வந்தது. முன்பெல்லாம் காளி கோயிலுக்கு வருகிறவர்கள் தரிசனம் செய்துவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள். இப்போது ரயில் கம்பெனிகள் படம் போட்டு விளம்பரம் ஒட்டின. காசிக்குப் போகிறவன், கயாவுக்குப் போகிறவன், கப்பலேறப் போகிறவன் எல்லோரும் கல்கத்தாவில் இறங்கி நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை, செத்த காலேஜ் என்கிற மியூசியம், பெரிய பாலம், கப்பல் துறை. தெற்கே காட்டை அழித்து ஒரு ஏரி வெட்டினார்கள். வெட்டி முடிக்கட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், வெட்டுகிறதைப் பார்க்கவே குதிரை வண்டியில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மண் வெட்டுவதை நம் ஊரில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியூருக்கு வந்துவிட்டால் மனிதனுக்கு எல்லாமே காட்சிதான்.

வந்தவர்களுக்காக ரோட்டை அகலமாக்கினார்கள். எங்கள் பால்காரன் முதலில் அவர்களுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தில் தண்ணீரை நிரப்பி எங்களுக்கு ஊற்றினான். பூக்காரி எங்களைத் தெரியாதவள் மாதிரி நடந்தாள். அம்பட்டன் எங்கள் தாடியைப் பாதியில் விட்டுவிட்டு யாத்திரிகர் தலையை மொட்டையடிக்க ஓடினான். அப்புறம் ஒரு நாள் குளத்துக்கு முன்னால் வண்டி வண்டியாக மண் வந்து இறங்கியது. குளம் போயிற்று. நாவல் மரம் போயிற்று. குளத்தோடு குளமாகக் கரையையும் மனையாக்கி விற்றார்கள். கரையின் மேல்தான் எங்கள் சந்து போயிற்று என்பது வாங்கினவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் ஞாபகம் இல்லை. சந்துக்குத் தலை போய், முண்டம் மட்டும் எங்களிடம் மிஞ்சியது. இனிமேல் டிராமுக்கோ குழாய்க்கோ போக வேண்டுமானால், பின்பக்கமாகக் குதிரைச் சாணியிலும் செக்குச் சேற்றிலும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் இறங்கும். இடுப்பில் குடத்தோடு பெண்கள் எப்படிப் போவார்கள்?

பெரியவர்கள் மனுப் போட்டார்கள். மனு போன இடத்தில் சௌக்கியமாக இருந்திருக்க வேண்டும், திரும்பி வரவில்லை.

சந்து மாமா மனுவில் கையெழுத்துப் போடவில்லை. "இருக்கிற சந்தைக் குடுன்னு எதுக்குடா மனு?" என்றார். குளம் போனதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. புதிதாக வந்த தபால்காரன் வழி கேட்டால், "குளத்தைத் தாண்டி, நாவல் மரத்தடியிலே வலது பக்கம் திரும்பு" என்பார். தபால்காரன் மிட்டாய்க் கடையைச் சுற்றிச் சுற்றி வருவான். கும்பகோணத்திலிருந்து காசிக்குப் போகிற வழியில் அவருடைய ஒன்றுவிட்ட மச்சினர் ஒருவர் வந்து, ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மாமா நாள் முழுக்க நடத்தி அழைத்துப் போனார். "இதோ பார், இதுதான் தாமரைக் குளம்" என்று ஒரு ஜவுளிக் கடையைக் காட்டினார். "இது மாந்தோப்பு" என்று டிராம் கொட்டகையைக் காட்டினார். மச்சினர் மரியாதைக்காரர். எல்லாவற்றுக்கும் "பேஷ், பேஷ்" என்று தலையாட்டிவிட்டு, கும்பகோணத்துக்குத் திரும்பிப் போய், கல்கத்தா மாதிரி மரமும் குளமுமான ஊர் உலகத்திலேயே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் ஒரு நாள் மோர் சாதத்துக்கு நடுவில் தீயை வைத்தார்.

"ஜனங்கள் விடாம நடந்துண்டிருக்கிற வழியை யாரும் அடைக்க முடியாது, ஓய். நடையை விட்டேளோ, போச்சு. அப்புறம் அவன் கதவைப் பூட்டிண்டா கேள்வி கிடையாது."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "விடாமன்னா?"

"விடாமன்னா விடாமத்தான்."

"ஞாயித்துக்கிழமையும் நடக்கணுமா?"

குமாஸ்தா விளையாட்டாக, "பின்னே? வழிக்கு ஏது ஞாயித்துக்கிழமை?" என்றார்.

மாமா எழுந்து கை கழுவினார். அன்றிலிருந்து ஒன்பது மணி அடித்தால், ஆபீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக மண்மேட்டின் மேல் ஏறிப் பழைய சந்து போன வழியாகவே டிராம் ரோட்டுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை ரோடு வரைக்கும் போய், குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்த மனையை வாங்கியவர் ஹரேன் பாபு. கெட்டவர் இல்லை. குண்டாக, வெற்றிலைச் சிவப்போடு, எதற்கும் சிரிக்கிறவர். மனைவியின் நகையை வைத்து, யாத்திரிகர்களுக்கு லாட்ஜ் கட்ட ஆரம்பித்திருந்தார். மாமா தினமும் சாரத்துக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் நடந்து போவதைப் பார்த்து, கட்டடம் பார்க்க ஆசைப்படுகிற மனிதர் என்று நினைத்துச் சலாம்கூடப் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்சுவர் எழும்பியது. மாமா ஒன்பது மணிக்கு வந்தார். சுவர் அவர் நெஞ்சளவுக்கு இருந்தது. அதன் முன்னால் வந்து நின்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து கொத்தனார், "என்ன வேணும் பாபு?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். நீ வேலையைப் பாரு. வழி விட்டதும் போறேன்."

"இது சுவர், பாபு."

"தெரியறது. நன்னாத்தான் கட்டறே."

கொத்தனார் கட்டினார். ஒரு வரிசை ஏறியது, மாமாவின் கழுத்து மறைந்தது. இன்னும் ஏறியது, மூக்கு மறைந்தது. இரண்டு கண் மட்டும் செங்கல்லுக்கு மேலே தெரிந்து கொத்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கண்ணும் போய்த் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. கடைசியில் அதுவும் மறைந்தது. கொத்தனார் அப்பாடா என்று பெருமூச்சு விட்டபோது, சுவருக்கு மேலே குடையின் நுனி மெள்ள எழும்பியது. "ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

கொத்தனார் கரண்டியை எறிந்துவிட்டு ஹரேன் பாபுவிடம் ஓடினார். "உயிரோட நிக்கற ஆளை வெச்சுச் சுவர் கட்ட என்னால ஆகாது. வேற ஆளைப் பாருங்க" என்றார். ஹரேன் பாபு விழுந்து விழுந்து சிரித்தார். எப்படியும் சமையலறைக்கு ஒரு பின்கதவு வேண்டும், அதை அங்கேயே வைத்துவிடு என்றார். அவர் சிரித்தது அன்றோடு சரி.

லாட்ஜ் திறந்த நாளில் வாழை மரம் கட்டி, ஷெனாய் வாசித்து, கூடம் நிறைய விருந்தாளிகளை உட்காரவைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குச் சமையலறைப் பின்கதவு திறந்தது. உள்ளே பெரிய இரும்புச் சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. மாமா ஆசாரமானவர். அங்கவஸ்திரத்தால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. கூடத்தின் வாசலில் ஆறடி மாமா சட்டென்று குனிந்தார். நாவல் மரத்தின் தாழ்ந்த கிளை அங்கேதான் இருந்தது. நிமிர்ந்தார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு நேரே போகாமல், கூடத்தின் நடுவை ஒதுக்கிவிட்டு, ஓரமாக வளைந்து நடந்தார். நடுவில்தான் குளம் இருந்தது. ஓர் இடத்தில் கச்சத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். அங்கே எப்போதும் சேறு இருக்கும். பிறகு முன்வாசல் வழியாக இறங்கி டிராம் ஏறிப் போய்விட்டார்.

கூடத்தில் ஒருவர் வாயிலும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஹரேன் பாபு பின்கதவைப் பூட்டினார். மாமா குடைக் கைப்பிடியால் தட்டினார். கோபமாக இல்லை. கடிகாரம் மாதிரி ஒரே சீராக, டொக், டொக், டொக். ராத்திரி ரயிலில் வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து கதவைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள். அதற்கு மறுநாள் வழியில் ஒரு மேஜையைப் போட்டு, ஒரு கனத்த மார்வாடியை உட்காரவைத்தார்கள். மாமா மார்வாடியின் பின்னால் வந்து நின்றார்.

"மெள்ளச் சாப்பிடுங்கோ. அவசரமில்லை. நீங்க எழுந்ததும் நான் போறேன்."

கழுத்துக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு அவசரமில்லை என்று சொன்னால் யாரால் சாப்பிட முடியும்? மார்வாடி பாதியில் எழுந்து போனவர், பக்கத்துத் தெரு சத்திரத்துக்கே போய்விட்டார்.

கடைசியாக ஹரேன் பாபு நயமாக வந்து பார்த்தார். "ஆஷுன், ஆஷுன்! வாருங்கள் மொஷாய், உட்காருங்கள். உங்களுக்காகத் தனியாகப் பருப்பு, பாயசம் எல்லாம் பண்ணியிருக்கிறது. தினமும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் சுற்று வழியாகப் போங்கள்."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நடு வழியிலே உட்கார்ந்து சாப்பிடற வழக்கம் எங்காத்துலே கிடையாது."

இதற்குள் மேற்கேயிருந்து ஒரு ஜமீன்தார் குடும்பம் வந்து தங்கியது. மாமா குனிந்து நிமிர்ந்து வளைந்து போவதை அந்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, யார் இவர் என்று கேட்டாள். ஹரேன் பாபுவுக்கு வியாபார மூளை. "பெரிய விரதக்காரர், அம்மா. தெற்கேயிருந்து வந்தவர். இந்த மண்ணில் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. அவர் கண்ணுக்கு மட்டும் அது தெரிகிறது. காலையில் இவரைப் பார்த்துவிட்டுப் போனால் காளி தரிசனம் தடையில்லாமல் கிடைக்கும்" என்று எடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த அம்மாளுக்குக் கூட்டமே இல்லாமல் தரிசனம் கிடைத்தது. போதாதா?

அடுத்த வாரமே ஒன்பது மணிக்குக் கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. வெளி ஓட்டல்களில் தங்கினவர்கள்கூட வந்தார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிற ஆள், காளி கோயில், உயிர் காலேஜ், செத்த காலேஜ், ஏரி வெட்டுகிற இடம் என்கிற வரிசையில் மாமாவையும் சேர்த்துவிட்டான். குழந்தைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு காட்டினார்கள். யாரோ ஒரு கிழவி காலில் விழுந்தாள். மாமா எகிறிக் குதித்தார்.

"நான் என்னடா, உயிர் காலேஜ்லே இருக்கிற காண்டாமிருகமா?" என்று மெஸ்ஸுக்கு வந்து என்னிடம் கத்தினார். ஆனாலும் மறுநாள் கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாமி பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? "ஏண்டாப்பா, சுவாமிகள் எழுந்தருளியாச்சா? பல்லக்கு வேணும்னா சொல்லச் சொல்லு. இத்தனை வருஷமா இந்தக் குடையோடதான் நான் குடித்தனம் பண்ணிண்டிருக்கேன், எனக்குத் தெரியாத சக்தி!"

மழை பிடித்த பிறகுதான் விஷயம் முற்றியது. சந்தில் மோக்ஷதா மாசி என்று ஒரு வங்காளிக் கிழவி இருந்தாள். மாசி என்றால் அவர்கள் பாஷையில் சித்தி. தனிக்கட்டை. குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு பின்வழியாக வரும்போது, செக்குச் சேற்றில் வழுக்கி விழுந்து குடத்தை உடைத்துக்கொண்டாள். மறுநாள் வேறு குடத்தை எடுத்துக்கொண்டு மாமா போகிற பின்கதவுக்கு வந்தாள். கைம்பெண். மீன் வாடைகூட ஆகாது. அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாள். ஹரேன் பாபு சமையலறையிலேயே மறித்துவிட்டார்.

"எங்கே மாசி?"

"தண்ணிக்கு. கோலிர் தாதா போகிறாரே, அந்த வழியாகத்தான்."

"அவர் போவது வேறு மாசி. அவரைப் பார்க்க ஆள் வருகிறது. உன்னைப் பார்க்க யார் வருவார்? குடத்தோடு ஒவ்வொருவராக இப்படிக் கிளம்பினால் நான் லாட்ஜை மூடிவிட்டுக் காசிக்குப் போக வேண்டியதுதான்."

மாசி மாமாவின் வீட்டு வாசலில் வெறுங்குடத்தோடு வந்து உட்கார்ந்தாள். மாமா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தார். முழுக்கக் கேட்டார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

ராத்திரி மெஸ்ஸில் என்னிடம் சொன்னார். "சுப்புணி, நான் இத்தனை நாளும் சந்துக்காக நடக்கறேன்னு நினைச்சிண்டிருந்தேண்டா. அந்தப் பாபு என்னைக் கூத்தாடியாக்கிட்டான். கூத்துக்குத்தான் வழி விட்டிருக்கான், சந்துக்கு விடலை. நான் செத்தா மறுநாளே கதவு மூடிடும். மாசி சேத்துலேயே விழுந்துண்டிருக்க வேண்டியதுதான்."

அந்த ராத்திரியே அவருக்கு மலேரியா ஜுரம் கண்டது. நாலு போர்வைக்கு மேலே ஜமக்காளத்தையும் போட்டும் கட்டில் ஆடியது. விடிந்தது. எட்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "கோட்டைக் கொண்டா" என்றார். மாமி குடையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் நடக்காட்டா குடி முழுகிடாது."

"முழுகிடும்டி! வக்கீல் குமாஸ்தா சொன்னான்!"

"அவன் கடன்காரன்! மோர் சாதம் சாப்பிட வந்தவன் மோர் சாதத்தைச் சாப்பிட்டுட்டுப் போகப்படாதோ?"

மாமா எழுந்தார், விழுந்தார். கஞ்சி கொண்டு போயிருந்த நான் பிடித்துக்கொண்டேன். அவருடைய கை என் மணிக்கட்டை இறுக்கியது. நெருப்பாகச் சுட்டது.

"நீ போடா."

"மாமா, நானா?"

"நீதான். ஒண்ணும் பேச வேண்டாம். உனக்குத்தான் பேசவே வராதே. நடந்தாப் போறும்."

நடந்தால் போதுமாம்! கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் நான் போய் நிற்க வேண்டும். என் மாப்பிள்ளை அழைப்பில்கூட நான் தலையைக் குனிந்துகொண்டு போய், வேறு யார் வீட்டிலோ நுழையப் பார்த்தவன். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே, அதுவும் வரவில்லை. மாமி என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். உள்ளே போய்க் குடையை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, என் கையில் கொடுத்தாள்.

ஒன்பது அடித்தது. பின்கதவைத் தள்ளினேன். சமையல்காரன் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் பெரியவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தான். சமையலறையைத் தாண்டினேன். கூடத்து வாசலுக்கு வந்ததும் அத்தனை முகமும் ஒரே நேரத்தில் என் மேல் திரும்பியது. ஒரு குழந்தை, "இவர் இல்லையே!" என்று உரக்கச் சொன்னது.

ஹரேன் பாபு கைகளை விரித்துக்கொண்டு வந்தார். "யார் நீ? அவர் எங்கே?"

வாயைத் திறந்தேன். காற்றுக்கூட வரவில்லை. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கும் கால் வரவில்லை. தரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தரையைப் பார்த்ததும் சந்து தெரிந்தது. பொய் சொல்லவில்லை. தினமும் மாமா போவதைப் பின்கதவிலிருந்து பார்த்துப் பார்த்து, எந்தக் கல்லில் கால் வைப்பார், எங்கே தூக்குவார் என்பது எனக்கு மனப்பாடம். கிளைக்குக் குனிந்தேன். நிமிர்ந்தேன். இரண்டு எட்டு. ஹரேன் பாபு குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு கரையோடு வளைந்தேன். பின்னால் ஏதோ சலசலவென்று சத்தம் வந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். காது சுட்டது. திரும்பவில்லை. சேற்று இடத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டேன். முன்வாசல் படிக்கு வந்தேன். அங்கேதான் திரும்பிப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் மாமி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். அவளுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு மோக்ஷதா மாசி, கையில் குடம். அவளுக்குப் பின்னால் மெஸ்ஸின் குமாஸ்தாக்கள், டிபன் டப்பாவோடு. அவர்களுக்குப் பின்னால் வங்காளி வீட்டுப் பெண்கள், குடம், குடம், குடம். மாமி எப்போது போய் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினாளோ தெரியாது. சந்து முழுக்கக் கூடத்துக்குள் இருந்தது. அதைவிட வேடிக்கை, ஒவ்வொருவரும் வாசலுக்கு வந்ததும் குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். கூடத்தின் நடுவை விட்டுவிட்டு, ஓரமாக வரிசையாக வளைந்து வந்தார்கள். ஒருவர்கூடக் குளத்தில் இறங்கவில்லை. சேறு வந்ததும் சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டார்கள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சந்துதானே!

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏதோ உற்சவம் என்று எழுந்து நின்று கைகூப்பினார்கள். ஒரு பஞ்சாபிக் கிழவர் மேஜையில் இருந்த பூவை எடுத்து மாசியின் குடத்தின் மேல் போட்டார். மாசி ஹரேன் பாபுவுக்கு நேரே வந்ததும் நின்றாள். "என்னைப் பார்க்க யார் வருவார் என்றாயே ஹரேன்? இதோ பார்!" என்றாள். பிறகு நடந்தாள்.

ஹரேன் பாபு தூர்ந்துபோன குளத்தின் நடுவில் அசையாமல் நின்றார். குழாயில் வரிசையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு எல்லோரும் அதே வழியாகத் திரும்பிப் போனபோதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கடைசியாக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அவருக்கு என்ன உடம்பு?" என்று மெள்ளக் கேட்டார்.

நான் ஜுரத்தில் நடுங்குவது போல நடுங்கிக் காட்டினேன். என்னால் ஆனது அவ்வளவுதான். சாயங்காலம் ஹரேன் பாபு கொய்னா மருந்தும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மாமாவின் வீட்டுக்குப் போனார். முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகவில்லை. பின்கதவு வழியாகத்தான் போனார்.

துர்கா பூஜைக்கு முன்னால் அவர் சமையலறையிலும் கூடத்திலும் ஓரமாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார். இந்தப் பக்கம் சந்துக்காரர்களுக்கு வழி, அந்தப் பக்கம் அடுப்பும் மேஜைகளும். பின்கதவுக்கும் முன்வாசலுக்கும் பூட்டு கிடையாது. அதே பழைய கொத்தனார்தான் வந்தார். நேராகக் கட்டினால் செங்கல் மிச்சம், இடமும் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

"வேண்டாம்" என்றார் ஹரேன் பாபு. "நேராகக் கட்டினால் அவர் வந்து சுவரில் முட்டிக்கொள்வார். வளைத்தே கட்டு."

மாமா ஜுரம் தெளிந்து முதல் நாள் அந்த வழியாகப் போனபோது சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். வளைவு சரியாக இருக்கிறதா என்று குடையால் ஒரு தட்டுத் தட்டினார். "குளத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம். மழை வந்தா கரை அரிக்கும்" என்று குறை சொல்லிவிட்டு டிராம் ஏறிப் போனார்.

மாமா இப்போது இல்லை. மாமியும் இல்லை. லாட்ஜில் இன்னொரு மாடி ஏறிவிட்டது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அந்த வளைந்த நடையைப் பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிற ஆள், அடியில் ஒரு சாமியாரின் சமாதி இருக்கிறது என்று சொல்கிறான். இல்லை, அது குளம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்களே.

தினமும் காலையில் மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்க அந்த வழியாகத்தான் போகிறேன். கூடத்து வாசல் இருந்த இடம் வந்ததும் குனிந்துகொள்கிறேன். மாமா ஆறடி. நான் குள்ளம். அந்த நாவல் மரம் நின்ற காலத்திலேயே அதன் கிளை என் தலையில் ஒரு நாளும் இடித்ததில்லை.